ஊத்தாவும் சிற்பமும்: ஒரு கூடை எப்போ கலையாகுது?

போன எபிசோடுல பருத்தி எப்படி நம்ம கொங்குப் பக்கம் வந்துச்சுனு பேசினோம். இந்த வாரம் ஜின்னிங் மில்களைப் பத்திப் பேசறதாத்தான் பிளான். ஆனா நடுவுல ஒரு சம்பவம் நடந்து, மொத்த எபிசோடும் வேற பக்கம் திரும்பிடுச்சு.

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி டீம் லஞ்சுக்காக கோயம்புத்தூர்ல ஒரு கஃபேக்குப் போயிருந்தோம். ஒரு காபி 280 ரூபா. அந்த வயித்தெரிச்சல்ல அண்ணாந்து பாத்தா, மேல கூம்பு மாதிரி குச்சியில பின்னின ஒரு விளக்கு தொங்குது. எங்கேயோ பாத்த மாதிரி இருக்கேனு போட்டோ எடுத்து அப்பாவுக்கு வாட்ஸ்அப் பண்ணேன். அஞ்சு நிமிஷத்துல வாய்ஸ் நோட் வந்துச்சு. “டேய், இது ஊத்தாடா. நேராத்தான் தொங்குது. தண்ணியத்தான் காணோம்.”

ஊத்தானா என்னன்னு திருப்பூர்ல பொறந்து வளர்ந்த நிறைய பேருக்குத் தெரியாது. எனக்கும் பேரு மட்டும்தான் தெரியும். எங்க அப்பா சிவகங்கை மாவட்டம், சிங்கம்புணரிப் பக்கம். 1980-களோட கடைசியில பனியன் கம்பெனி வேலைக்குனு பஸ் ஏறி வந்தவர். கை மடிக்கிற வேலையில ஆரம்பிச்சு, பவர்டேபிள் டெய்லர் ஆகி, இன்னைக்கும் பீஸ் ரேட்டுல தைக்கிறார். ஊருல கண்மாய் வத்துற காலத்துல, பங்குனி சித்திரை வாக்குல, மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் கரையில நின்னு வெள்ளைத் துண்டை வீசுவார். அவ்வளவுதான், மொத்த ஜனமும் தண்ணிக்குள்ள இறங்கிடும். வலை, கச்சா, தூரி, ஊத்தானு கைக்குக் கிடைச்சதோட. ஊத்தா மேலயும் கீழயும் திறந்த ஒரு கூம்புக் கூடை. கீழ்வாய் அகலம், மேல்வாய் குறுகல். கலங்கின தண்ணியில அதைத் தொப்புனு சேத்துல அமுக்கணும். உள்ள விராலோ கெளுத்தியோ மாட்டினா குச்சியில முட்டும், அந்த அதிர்வு கைக்குத் தெரியும். உடனே மேல் ஓட்டை வழியா கையை விட்டுத் துழாவி எடுக்கணும். கெளுத்தினா கவனம், முள்ளு குத்தும். பிடிச்ச மீனை யாரும் விக்கக் கூடாது, வீட்டுலதான் குழம்பு வைக்கணும்னு ஒரு கட்டுப்பாடு வேற.

அப்பேர்ப்பட்ட சாமான் இப்போ எல்இடி பல்பைச் சுத்தித் தொங்குது. கோவப்படணுமா சந்தோஷப்படணுமானு எனக்குப் புரியலை. அதனால வழக்கம்போல ராத்திரி உக்காந்து தேட ஆரம்பிச்சேன். மீன் பிடிக்கிற கூடை அருங்காட்சியகத்துக்குள்ள சிற்பமா போன கதை உலகத்துல எங்கயாவது இருக்கா?

இருக்கு. ஆஸ்திரேலியாவுல.

இவோன் கூல்மேட்ரி. 1944-ல தெற்கு ஆஸ்திரேலியாவுல பிறந்தவர், நாரிஞ்சேரி என்ற பூர்வகுடியைச் சேர்ந்தவர். முர்ரே ஆறு கடல்ல கலக்கிற பகுதிதான் அவங்க மண். அந்த ஆத்தங்கரையில ஒரு வகைக் கோரை வளரும். அதை அறுத்து, உலர்த்தி, நனைச்சு, அதுல கூடை, பாய், மீன் பொறி எல்லாம் பின்னுறது அவங்க வழக்கம். ஆனா குடியேற்ற ஆட்சி, மிஷன் வாழ்க்கை, மொழியே பேசக் கூடாதுங்கிற கெடுபிடினு பல தலைமுறையா அடி வாங்கி, 1980-கள் வந்தப்போ அந்தப் பின்னல் தெரிஞ்சவங்க ரொம்பக் கம்மி. 1982-ல டோரதி கார்ட்டின்யெரி என்ற மூத்த பெண்மணி ஒரு பயிற்சி வகுப்பு எடுத்தார். ஒரே ஒரு நாள். அதுல போய் உக்காந்தவர்தான் கூல்மேட்ரி. அப்போ அவருக்கு வயசு 38 கிட்ட.

ஒரு நாள் பட்டறை. நாம வாரக்கடைசியில போயிட்டு, சர்டிபிகேட்டை லிங்க்ட்இன்ல போட்டுட்டு மறந்துடுவோமே, அந்த மாதிரி ஒரு நாள். அவர் மறக்கலை. அருங்காட்சியகத்துல இருந்த பழைய பின்னல்களைப் பாத்துப் பாத்து, யாரும் செய்யாம விட்டுப்போன விலாங்குப் பொறியைத் திரும்பப் பின்னினார். நீளமா, உருண்டையா, குழல் மாதிரி இருக்கும். அப்புறம் அதே பின்னல்ல விமானம் பண்ணினார், வெப்பக்காற்று பலூன் பண்ணினார். 1997-ல வெனிஸ் பியன்னாலேல ஆஸ்திரேலியா சார்பா மூணு பூர்வகுடிப் பெண்களோட படைப்புகளை வெச்சாங்க: எமிலி காமே நுவாரியே, ஜூடி வாட்சன், கூல்மேட்ரி. முதல் ரெண்டு பேரும் ஓவியர்கள். மூணாவதா வந்தது கோரையில பின்னின விலாங்குப் பொறி. 2015-ல தெற்கு ஆஸ்திரேலியக் கலைக்கூடம் ‘ரிவர்லேண்ட்’ என்ற பேருல அவரோட மொத்த வேலையையும் தனிக் காட்சியா வெச்சது.

இங்க டெக்னிக் பத்திக் கொஞ்சம் பேசியே ஆகணும், நம்ம ஊர்க்காரங்களுக்கு இது சட்டுனு புரியும். கூடைனாலே குறுக்கும் நெடுக்கும் பின்னுறதுனு நினைப்போம், நெசவுல பாவும் ஊடையும் மாதிரி. நாரிஞ்சேரி பின்னல் அப்படி இல்லை. கொஞ்சம் கோரையைக் கத்தையா சேத்துப் பிடிச்சு, இன்னொரு கோரையால அதைச் சுத்தி, முந்தின வரிசையோட கோத்து, நத்தைக்கூடு மாதிரி சுருட்டிக்கிட்டே போறது. அந்தக் கோர்வை கிட்டத்தட்ட காஜா தையல்தான். சட்டையில பட்டன் ஓட்டையைச் சுத்தி விளிம்பு பிரியாம இருக்கப் போடுவோமே, அதே முடிச்சு. காஜா பட்டன் யூனிட்ல வேலை பாக்கிற எங்க சித்திகிட்ட வீடியோ காட்டினேன். “இதை நாங்க ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்குல அடிக்கிறோம், எங்களை எந்த ஊருக்கும் கூப்பிடலையே”னு சிரிச்சாங்க. சிரிப்பா சொன்னாலும் அந்தக் கேள்வி எனக்குள்ள மாட்டிக்கிச்சு.

அந்தக் கேள்விக்கு இந்தியாவுல ஒருத்தர் வாழ்க்கை முழுக்கப் பதில் தேடியிருக்கார். மிருணாளினி முகர்ஜி. 1949-ல பம்பாயில பிறந்தவர். அப்பா வினோத் பிகாரி முகர்ஜி, சாந்திநிகேதனோட பெரிய ஓவியர். அம்மா லீலாவும் சிற்பி. பரோடாவுல படிச்சப்போ அவருக்கு ஆசிரியர் கே.ஜி. சுப்பிரமணியன். இவரைப் பத்தி ஒரு சின்ன விலகல். கேரளாவுல கூத்துப்பறம்புல பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில பொருளாதாரம் படிச்சு, வெள்ளையனே வெளியேறு போராட்டத்துல ஜெயிலுக்குப் போயி, அதுக்கப்புறம் சாந்திநிகேதன் போய் ஓவியர் ஆனவர். 1950-களோட கடைசியில அகில இந்தியக் கைத்தறி வாரியத்துல வடிவமைப்புப் பொறுப்புல இருந்தார். கைவினை ஒரு பக்கம், கலை ஒரு பக்கம்னு சுவர் கட்டறதை அவர் ஒத்துக்கிட்டதே இல்லை.

அந்த ஆசிரியர்கிட்டப் படிச்ச மிருணாளினி 1970-கள்ல கையில எடுத்தது சணப்புக் கயிறு. தறி கிடையாது. உள்ளுக்கு ஒரு சட்டம், அதுல கயித்தைக் கட்டி, முடிச்சு மேல முடிச்சா போட்டுக்கிட்டே போறது. அப்படியே ஆளுயரத்துக்கு மேல யட்சி, பூ, வனதேவதைனு உருவங்கள் எழுந்து நிக்கும். கயித்துக்குச் சாயம் போட்டிருப்பார்: மஞ்சள், ஊதா, கருஞ்சிவப்பு. முன்கூட்டி வரைபடம் எதுவும் இல்லை. முடிச்சு போகிற போக்குல உருவம் வரும். டிசைன் டாக்குமெண்ட் இல்லாம புரொடக்‌ஷன்ல கோடு எழுதுற மாதிரி, ஆனா இவருக்கு அது வேலை செஞ்சிருக்கு. ஒரு சிற்பத்துக்கே பல மாசம் ஆகும்.

ரொம்ப நாளா அவர் எந்தப் பெட்டிக்குள்ளயும் அடங்கலை. சிற்பிகளுக்கு அது கைவினை, கைவினைக்காரங்களுக்கு அது சிற்பம். 1994-ல இங்கிலாந்துல ஆக்ஸ்ஃபோர்டு நவீனக் கலைக்கூடத்துல தனிக் காட்சி நடந்துச்சு. அதுக்கப்புறம் மண்ணுக்கும் வெண்கலத்துக்கும் போயிட்டார். டெல்லியில தேசிய நவீனக் கலைக்கூடம் அவரோட மொத்த வாழ்நாள் வேலையையும் காட்சியா வெச்சது 2015 ஜனவரி கடைசியில. தொறந்த சில நாள்லயே, பிப்ரவரி தொடக்கத்துல, அவர் இறந்துட்டார். 2019-ல நியூயார்க்ல மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் அவருக்குப் பெரிய காட்சி நடத்தினப்போ உலகமே ஆஹானு சொல்லுச்சு. பாக்க அவர் இல்லை.

அந்த முடிச்சுகளை ஸ்கிரீன்ல ஜூம் பண்ணிப் பாத்தப்போ எனக்கு வந்த முதல் நினைப்பு என்ன தெரியுமா? எங்க அம்மாவோட ஒயர் கூடை. பிஸ்கட் நாட், நெல்லிக்காய் நாட், சிவன் கண். உங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கும். சாந்தா ஸ்டோர்ஸோ முருகன் ஸ்டோர்ஸோ, ஏதோ ஒரு கடையில ரெண்டு கலர் ஒயர்க் கட்டு வாங்கிட்டு வந்து, டிவி சீரியல் பாத்துக்கிட்டே ஒரு வாரத்துல முடிச்சிடுவாங்க. அதைத் தூக்கிக்கிட்டு மார்க்கெட் போய் கத்திரிக்காய் வாங்கிட்டு வருவாங்க. சொல்லிக் கொடுத்தது பக்கத்து வீட்டு அக்கா. எந்தப் புத்தகமும் இல்லை. ஒயர் கூடையும் யட்சியும் ஒண்ணுதான்னு நான் சொல்ல வரலை. மிருணாளினி அந்த முடிச்சை வெச்சு வேற ஒண்ணு யோசிச்சார், அது பெரிய வேலை. ஆனா முடிச்சு அவர் கண்டுபிடிச்சது இல்லை.

இதே நேர்மையை இன்னொருத்தர்கிட்ட பாத்தேன். அமெரிக்காவுல ரூத் அசாவா. இவங்க கதையை வேகமா சொல்லிடறேன், ஏன்னா இதுக்கே தனி எபிசோடு போடலாம். ஜப்பானிய விவசாயக் குடும்பம், கலிஃபோர்னியா. ரெண்டாம் உலகப்போர் நேரத்துல ஜப்பானிய வம்சாவளினு சொல்லி அமெரிக்க அரசே முகாம்ல அடைச்சது. முதல்ல குதிரைப் பந்தய மைதானத்துல, அப்புறம் ஆர்க்கன்சா மாநிலத்துல. போருக்கு அப்புறம் பிளாக் மவுண்டன் கல்லூரி. 1947-ல மெக்சிகோவுல டொலுகானு ஒரு ஊருக்குப் போனப்போ, சந்தையில முட்டை தூக்கிட்டுப் போற கம்பிக் கூடையைப் பாத்து, உள்ளூர்க்காரர்கிட்ட அந்தப் பின்னலைக் கத்துக்கிட்டாங்க. அதுல இருந்துதான் அவங்களோட பேர்பெற்ற தொங்கும் கம்பிச் சிற்பங்கள் எல்லாம் வந்துச்சு. கூண்டுக்குள்ள கூண்டு, உள்ள இருக்கிறது வெளிய தெரியும், வெளிய இருக்கிறது உள்ள போகும்.

திருப்பூர்க்காரங்க காதைக் கொடுங்க. அந்த முட்டைக்கூடைப் பின்னல் நெசவு இல்லை. ஒரே கம்பி, ஒரு லூப், அதுக்குள்ள அடுத்த லூப், அதுக்குள்ள அடுத்தது. நம்ம நிட்டிங் மெஷின்ல சிங்கிள் ஜெர்சி ஓடுறதுக்கு இது பங்காளி மாதிரி. நெசவுத் துணிக்குப் பாவு, ஊடைனு ரெண்டு நூல் வேணும். பனியன் துணிக்கு ஒரே நூல் போதும், அது தன்னைத்தானே பிடிச்சுக்கும். அதனாலதான் பனியன் இழுத்தா நீளும், ஒரு கண்ணு விட்டுப்போனா கோடு மாதிரி பிரிஞ்சுக்கிட்டே இறங்கும். 1920-கள்ல இந்த ஊருக்கு முதல் பின்னல் மெஷின் வந்ததுல இருந்து நாம பண்ணிட்டிருக்கிறது கூடை பின்னுற வேலையோட ஒரு கிளைதான். இதை என் கம்பெனில சொன்னேன், “ஃபார் லூப் எழுதறவனுக்கு எல்லாமே லூப்பாத்தான் தெரியும்”னு கலாய்ச்சுட்டாங்க.

சரி, வரலாற்றுக்கு வருவோம். கூடை எவ்வளவு பழசு? சொல்றது கஷ்டம், ஏன்னா கூடை மக்கிடும். நம்ம பக்கத்துல நொய்யல் கரையில, சென்னிமலைக்குக் கிட்ட கொடுமணல் இருக்கு. 1985-ல தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்க தோண்ட ஆரம்பிச்சது. தமிழி எழுத்து பொறிச்ச பானை ஓடு கிடைச்சது, இரும்பு உருக்கின தடம், கல்மணி செஞ்ச தடம், நூல் நூற்கிற தக்களியோட வட்டு எல்லாம் கிடைச்சது. நூல் நூத்திருக்காங்க, அப்போ பஞ்சைக் கூடையில அள்ளாமலா இருந்திருப்பாங்க? மணியை எதுல கொட்டி வெச்சிருப்பாங்க? நொய்யல்ல மீனை எதால பிடிச்சாங்க? பானை நின்னுடுச்சு, மணி நின்னுடுச்சு. கூடை போயிடுச்சு. வரலாறுனு நாம படிக்கிறது பெரும்பாலும் மக்காத சாமான்களோட வரலாறு. பொம்பளைங்க கையில இருந்த சாமான்ல பாதி மக்கக்கூடியது, அதையும் சேத்து யோசிச்சுக்கோங்க.

கூல்மேட்ரி கதையில நான் இன்னும் சொல்லாத ஒண்ணு இருக்கு. அவருக்குப் பெரிய தலைவலி முடிச்சோ டிசைனோ இல்லை, கோரைதான். முர்ரே ஆத்தோட முகத்துவாரத்துல 1935-ல இருந்து 1940-க்குள்ள தடுப்பணைகளைக் கட்டினாங்க. மேல விவசாயத்துக்குத் தண்ணியை எடுத்தாங்க. கரையை அழிச்சுப் பண்ணை போட்டாங்க. ஆறு மாறுச்சு, கோரை குறைஞ்சது. நல்ல கோரைக்காக அவர் ரொம்ப தூரம் அலைய வேண்டி வந்துச்சு. ஆறு இல்லைனா அந்தக் கலை இல்லை. அவரோட விலாங்குப் பொறி இன்னைக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கலாம், ஆனா அதுல மாட்ட வேண்டிய விலாங்கும் அதைப் பின்ன வேண்டிய புல்லும் ஒரே தண்ணியைத்தான் நம்பியிருக்கு.

அந்தக் கோரையோட தாவரவியல் பேரைத் தேடிப் பாத்தப்போ நிமிர்ந்து உக்காந்துட்டேன். சைபீரஸ். நம்ம பத்தமடைப் பாய் பின்னுறாங்களே, தாமிரபரணித் தண்ணியில ஊறப்போட்டு, மயிரிழையா கிழிச்சு, அந்தக் கோரையும் சைபீரஸ்தான். வேற இனம், ஆனா ஒரே குடும்பம். வயல்ல பிடுங்கப் பிடுங்க முளைக்குமே கோரைக்கிழங்கு, அதுவும் இதே ஜாதி. ரெண்டு கண்டத்துல, ஒருத்தரை ஒருத்தர் பாக்காமலே, ஆத்தங்கரையில நின்ன மனுசங்க ஒரே புல்லைப் பிடுங்கியிருக்காங்க.

இப்போ நொய்யலைப் பாருங்க. 1992-ல பாசனத்துக்குனு ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிச்சாங்க. கொடுமணல்ல இருந்து ரொம்ப தூரம் இல்லை. சில வருஷத்துலயே அது சாயத் தண்ணி தேங்குற குட்டை ஆயிடுச்சு. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனாங்க. 2011 ஜனவரியில சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னப்போ நான் ஸ்கூல் படிச்சிட்டிருந்தேன். ஊரே ஸ்தம்பிச்சது. அப்பாவுக்கு வாரக்கணக்குல வேலை இல்லை. வீட்டுல சாப்பாட்டுக்குக் கணக்குப் பாத்தது ஞாபகம் இருக்கு. அன்னைக்கு எனக்கு அந்தத் தீர்ப்பு மேல கோவம்தான். ஆத்துப் பக்கம் நிக்கிறவங்க கதை எனக்குத் தெரியாது. ரெண்டுமே ஒரே ஊர்ல நடந்தது: துணிக்குச் சாயம் ஏறினாத்தான் எங்க வீட்டுல சோறு, அந்தச் சாயம் இறங்கின இடத்துல இன்னொருத்தர் வீட்டுல சோறு இல்லை. அதுக்கப்புறம் சொட்டுத் தண்ணி கூட வெளிய விடாத சுத்திகரிப்போட பட்டறைகள் திரும்ப ஓடுச்சு. ஆனா நொய்யல்ல யாராவது ஊத்தா போட்டதை என் வயசுக்காரங்க பாத்திருக்கீங்களா? பாத்திருந்தா எழுதுங்க, நிஜமாவே தெரிஞ்சுக்கணும்.

அந்த கஃபே விளக்குல எனக்குக் கோவம் வராததுக்குக் காரணம் இப்போ தெரியுது. அதைப் பின்னினவங்களுக்குக் கூலி வந்திருக்கும், கை வேலை தெரிஞ்ச யாரோ ஒருத்தர் இன்னும் இருக்காங்கனு அர்த்தம். அப்பாவோட சிவகங்கை மாவட்டத்துலயே செட்டிநாட்டுக் கொட்டான் அழியப்போன நிலையில இருந்தப்போ, எம்.ஆர்எம்.ஆர்எம். கல்ச்சுரல் ஃபவுண்டேஷன் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அந்த ஓலைப் பின்னலை மீட்டாங்க. விக்கிறதால பொழச்ச பின்னல் அது. உறுத்தறது வேற. விலாங்குப் பொறிக்குப் பக்கத்துல இவோன் கூல்மேட்ரினு பேர் இருக்கு, அவருக்குச் சொல்லிக்கொடுத்த டோரதி கார்ட்டின்யெரி பேரும் பதிவாகியிருக்கு. முட்டைக் கூடையைக் கத்துக்கொடுத்த டொலுகாக்காரர் பேரைப் பெரும்பாலான கட்டுரைகள்ல ‘உள்ளூர்க் கைவினைஞர்’னு ஒரு வார்த்தையில தாண்டிடறாங்க. அந்த விளக்குக்குக் கீழ ஒரு பேரும் இல்லை.

போன ஞாயித்துக்கிழமை அப்பா ஒரு காரியம் பண்ணார். எங்கேயோ போய் மூங்கில் குச்சி வாங்கிட்டு வந்து, கம்பெனியில இருந்து கொண்டு வந்த கட்டிங் வேஸ்ட் துணியைத் திரிச்சுக் கயிறாக்கி, மொட்டை மாடியில ஊத்தா கட்ட உக்காந்துட்டார். முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு அவர் அதைத் தொட்டு. அதுவும் பின்னினது எங்க ஐயாதான், அப்பா கூட இருந்து பாத்ததோட சரி. மேல்வாய் வளையம் வந்துச்சு. குச்சியை விரிச்சுக் கட்டினா ஒரு பக்கம் சாயுது. அவுத்துக் கட்டினார், திரும்பவும் சாயுது. மொத்தம் எத்தனை குச்சினு அவருக்கு ஞாபகம் இல்லை. நான் யூடியூப்ல தேடினேன், சரியா ஒண்ணும் சிக்கலை.

கடைசியில ஊருக்கு, பெரியப்பாவுக்கு போன் போட்டோம். ஸ்பீக்கர்ல போட்டு, “பெரியப்பா, ஊத்தாவுக்கு எத்தனை குச்சி?”னு கேட்டேன்.

“குச்சிய யாருப்பா எண்ணுனா? மேல்வாயில ஒன் கைய தோள்பட்ட வரைக்கும் விட்டுப் பாரு. போகுதா?”

விட்டுப் பாத்தேன். முழங்கையோட நின்னுடுச்சு.

“அப்ப மொத வளையத்துலயே தப்பு. பிரிங்க. ஒங்கப்பன் கைக்குக் கட்டாதீங்க, எவன் எறங்கப் போறானோ அவன் கைக்குக் கட்டுங்க. யாரு எறங்குறது?”

அப்பா என்னைப் பாத்தார். திருவிழா சித்திரையில. லீவுக்கு இப்பவே அப்ளை பண்ணிட்டேன்.